ஸ்பார்க் பிளக் மரைக்குப் பசை வேண்டாம்: நெல்லைச் சீமையின் தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டத்தின் அரசு, தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனத் தொழிற்பிரிவைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

நான் வண்ணார்பேட்டைப் பக்கம் 28 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். அதற்கு முன்பு சில ஆண்டுகள் மெக்கானிக்காக வேலை பார்த்தேன். வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று பல ஊர்ப் பட்டறைகளிலிருந்தும் இஞ்சின் ஹெட்டுகள், அதாவது சிலிண்டரின் மேல்மூடிகள், என்னிடம் வருகின்றன. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் மரை போனது, பிளக் ஒடிந்து உள்ளே நின்றது, கோணலாக ஏறி மரையைத் தின்றது என்ற இந்த மூன்று வேலைகளும் என் வருமானத்தில் ஒரு நல்ல பங்கு. அந்தப் பங்கு குறைய வேண்டும் என்று விரும்பியே இந்த மடலை எழுதுகிறேன். பிளக் மாட்டும்போது மரையில், அது பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்ட்டி-சீஸ் பசை, காப்பர் கிரீஸ், சாதாரண கிரீஸ், இஞ்சின் ஆயில் என எதையாவது தடவும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. அதை மாற்றக்கூடியவர்கள் நீங்கள்தான் என்பதால் இது உங்களுக்கு.

சென்ற ஆனி மாதம், சாரல் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு தம்பி ஸ்கூட்டர் ஹெட் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பிளக்கின் அறுகோணத் தலை தனியாக அவர் சட்டைப் பையில் இருந்தது. மரைப் பகுதி ஹெட்டுக்குள் நின்றுவிட்டது. "தலை மட்டும் ஒடிஞ்சிட்டு அண்ணாச்சி. பேஸ்ட் தடவித்தான் போட்டேன். பிறகும் எப்படி ஒடிஞ்சதுன்னுதான் புரியல" என்றார். விளக்கைச் சாய்த்துத் துளைக்குள் பார்த்தேன். ஒடிந்த எஃகுக் குழாயின் விளிம்பு புதிதாக வெட்டியதுபோல் பளபளத்தது. அதைச் சுற்றிச் செம்பு நிறப் பசை அடர்த்தியாகப் பிதுங்கி, அடிப்பக்கம் எரியறைக்குள்ளும் ஒழுகி உலர்ந்திருந்தது. துருவோ உப்போ மருந்துக்கும் இல்லை. அந்த பிளக் மரையில் பிடித்துக்கொண்டு ஒடியவில்லை. மாட்டும்போதே அளவுக்கு மீறி இழுபட்டு, முக்கால் உயிர் போய், கழற்றும்போது மீதி உயிரையும் விட்டது. அந்தத் தம்பி எங்கே தொழில் கற்றார் என்று நான் கேட்கவில்லை. பசை தடவச் சொல்லி யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அவர் சொன்னபடி செய்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் கொண்டுவந்தது 10 மில்லிமீட்டர் மரை கொண்ட பிளக். நம் ஊரில் ஓடும் இருசக்கர வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அளவுதான். நடுவில் பீங்கான் போக இடம் விட்டால், சுற்றியுள்ள எஃகுச் சுவர் மிக மெல்லியது. அலுமினிய ஹெட்டில் இந்த பிளக்குக்கு உரிய முறுக்குவிசை, அதாவது திருகி இறுக்கும் பலம், 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். 12 மில்லிமீட்டர் பிளக்குக்கு 15 முதல் 20 வரை, கார்களில் வரும் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 வரை என்பது பொதுவான கணக்கு. மாணவர்களுக்கு எண்ணைச் சொன்னால் மட்டும் கை அதை உணராது என்பதை நானும் அறிவேன். ஆகவே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 20 சென்டிமீட்டர் கைப்பிடி உள்ள ஸ்பேனரின் முனையில், ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசை கொடுத்தால் ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். வேகம் வேண்டி அதே ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை இரண்டு மடங்காக்கினால், கை அறியாமலே முறுக்குவிசை இரண்டு மடங்காகிவிடும்.

இனி பசை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு மரையாணியை இறுக்க நாம் செலவிடும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி அதன் தலை உட்காரும் முகப்பின் உராய்விலும், அதைவிடச் சற்றுக் குறைவான பங்கு மரைகளின் உராய்விலும் கரைந்துபோகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுதான் உண்மையில் ஆணியை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுகிறது. பிளக் நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் முறுக்குவிசை எண்கள் எல்லாம் சுத்தமான, உலர்ந்த மரையை மனத்தில் வைத்துத் தரப்பட்டவை. அந்த மரையில் வழுக்கும் பசையைத் தடவிவிட்டால், உராய்வில் கரைய வேண்டிய விசை கரையாமல் மிஞ்சி, பிளக்கின் மெல்லிய எஃகுக் குழாயை இழுக்கவும் ஹெட்டின் அலுமினிய மரையைப் பிடுங்கவும் போகிறது. ஸ்பேனர் பிடித்த கைக்கு இது தெரியாது. முன்பு பழகிய அதே எதிர்ப்பு வரும்வரை அது திருகிக்கொண்டே போகும். பசை போட்ட மரையில் அந்த எதிர்ப்பு வருவதற்குள் எஃகு நீண்டுவிடும். ஆன்ட்டி-சீஸ் பசையால் முறுக்குவிசைக் கணக்கு 20 விழுக்காடு வரை மாறக்கூடும் என்றும், அதனால் பிளக்கின் மரை முறிவதும் உலோக உறை நீள்வதும் நேரும் என்றும் பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனம் தன் தொழில்நுட்ப அறிவிப்பில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தன் பிளக்குகளுக்குப் பசை தேவையில்லை என்றும் அதே அறிவிப்பு கூறுகிறது.

உறை நீள்வது என்பது வெறும் மரைச் சேதம் அன்று. பிளக்கின் முனை, எரியறையில் தான் வாங்கும் வெப்பத்தைப் பீங்கான் வழியாகவும் உறை வழியாகவும் வாஷர் வழியாகவும் ஹெட்டுக்குக் கொடுத்து ஆற வேண்டும். அந்த முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசுக்கு மேலே இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். உறை நீண்ட பிளக்கில் பீங்கானுக்கும் எஃகுக்கும் இடையிலுள்ள அடைப்பு தளர்கிறது, வெப்பம் போகும் பாதை அறுபடுகிறது. அப்படிப்பட்ட பிளக் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். ஆனால் நாங்குநேரிச் சாலையில் நண்பகல் வெயிலில் நெடுந்தூரம் ஓட்டும்போது இஞ்சின் 'டக்டக்' என்று தட்டும். பெட்ரோல் சரியில்லை என்று வண்டிக்காரர் பெட்ரோல் பங்க் ஆளைத் திட்டிக்கொண்டிருப்பார். மேலும், இந்தப் பசைகளில் செம்பு, அலுமினியம், கிராஃபைட், நிக்கல் போன்ற பொடிகள்தான் கலந்திருக்கின்றன. இவை மின்சாரத்தைக் கடத்துபவை. பிளக்கின் அடி மரையிலிருந்து ஒரு துளி ஒழுகி பீங்கான் மூக்கில் பட்டால், பொறி தாவ வேண்டிய இடத்தில் தாவாமல் அந்த வழியே ஓடிவிடும்.

பசை போடுபவர்கள் காரணம் இல்லாமல் போடவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எஃகும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்து ஓரிடத்தில் நெடுநாள் இருந்தால் மின்வேதி அரிப்பு உண்டாகும் என்பது உண்மை. அக்காலத்தில் வந்த பல பிளக்குகளின் உறை கருமை பூசிய வெறும் எஃகாகவே இருந்தது. அவற்றுக்குப் பசை தடவச் சொன்ன பெரியவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னார்கள். இப்போது கடையில் ஒரு பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மரை முழுவதும் வெள்ளி நிறத்தில் மின்னும். அது துத்தநாகம் அல்லது நிக்கல் முலாம். துருவைத் தடுப்பதும், கழற்றும்போது இலகுவாக விடுவதும் அந்த முலாமின் வேலை. பழைய பிளக்குக்குப் பிறந்த பழக்கம், புது பிளக்குக்கும் அப்படியே தொடர்ந்து வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகள் வந்த பிறகு, இரிடியம் பிளக்குகளும் கூடுதல் கிலோமீட்டர் ஓடும் பிளக்குகளும் பெருகியுள்ளன. நெடுநாள் உள்ளேயே இருக்கப் போகிறதே, பிடித்துக்கொள்ளுமோ என்ற அச்சமும் கூடவே பெருகியிருக்கிறது. நெடுநாள் இருக்கப் போகும் பிளக் என்றால் அதை முதல்முறை மாட்டுவது இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

என் பட்டறை மேசைக்கு வந்த, உண்மையிலேயே பிடித்துக்கொண்ட பிளக்குகளை வைத்துச் சொல்கிறேன்: அவற்றில் மிகப் பலவற்றுக்குக் காரணம் வேறு. நீளம் மாற்றிப் போடுவது முதல் காரணம். என்ஜிகே எண்ணில் சி என்ற எழுத்து 10 மில்லிமீட்டர் மரையையும், டி 12 மில்லிமீட்டரையும், பி 14 மில்லிமீட்டரையும் குறிக்கிறது என்று மாணவர்களுக்குத் தெரிகிறது. எண்ணுக்குப் பின் வரும் இ என்பது 19 மில்லிமீட்டர் நீளத்தையும், எச் என்பது 12.7 மில்லிமீட்டர் நீளத்தையும் குறிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 19 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஹெட்டில் கைக்குக் கிடைத்த குட்டை பிளக்கைப் போட்டு ஓட்டினால், அடியில் ஆறு மரைச் சுற்றுகள் வெறுமையாக நின்று, அவற்றில் கரி கல்லாக உறைந்துவிடும். அடுத்த முறை சரியான நீளமுள்ள பிளக் போடும்போது அது அந்தக் கரியில் மோதி நிற்கும். மெக்கானிக் அதை மரை இறுக்கம் என்று எண்ணி, கொஞ்சம் பசை தடவி, பலமாகத் திருகுவார். அந்த ஹெட் நேராக என்னிடம்தான் வரும். சரியான மருந்து, மரையைச் சுத்தம் செய்யும் டேப் என்ற மரைவெட்டும் கருவியை மெதுவாக இறக்குவது. கிரீஸுக்கும் அங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது: டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிவிட்டால், வெட்டுப்படும் கரியும் அலுமினியத் துகளும் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும், சிலிண்டருக்குள் விழாது.

சூட்டோடு சூடாக மாட்டுவது இன்னொரு காரணம். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிந்து சுருங்கும் உலோகம். ஓடி வந்த சூட்டிலேயே பழைய பிளக்கைக் கழற்றிப் புதியதை இறுக்கினால், ஹெட் ஆறும்போது அதன் மரை பிளக்கைக் கவ்விக்கொள்கிறது. வண்டிக்காரர் அவசரப்படுத்துவார், ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லும் துணிவை மாணவருக்கு நீங்கள்தான் தர வேண்டும். கழற்றும் முன் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் விடுவதும் சேர்ந்துகொள்ளும். நம் ஊர்ச் செம்மண் தூசு அந்தக் குழியில் எவ்வளவு நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களின் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை ஆகிய ஊர்களில் வள்ளங்களில் மாட்டும் வெளிப்பொருத்து இஞ்சின்களும், கடற்காற்றிலேயே நிற்கும் பைக்குகளும் உப்பில் அரிபடுகின்றன. அங்கே பசையே கூடாது என்று வீம்பு பிடிக்க மாட்டேன். அந்த இஞ்சினுக்குரிய கையேடு பசை பூசச் சொன்னால் பூசத்தான் வேண்டும். அதுவும் அடி நுனியிலுள்ள இரண்டு மரைகளைத் தொடாமல், துடைத்தெடுத்தது போன்ற மெல்லிய பூச்சாக, முறுக்குவிசையைக் குறைத்து. கையேட்டில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், உப்பு உள்ளே வரும் வாசலை அடைப்பதே முறை. பிளக் தொப்பியின் ரப்பர் வெடித்திருந்தால் அதை மாற்றுவதும், நெடுநாள் விட்டுவிடாமல் அவ்வப்போது பிளக்கை ஒருமுறை கழற்றி மாட்டுவதும் பசை செய்வதைவிட அதிகம் செய்யும்.

இங்கே என் சொந்தப் பிழையையும் எழுதியாக வேண்டும். மெக்கானிக்காக இருந்த நாட்களில் பிளக் மரையில் இஞ்சின் ஆயில் தொட்டு மாட்டுவதுதான் என் வழக்கம். வழுவழுவென்று இறங்குவதைப் பார்த்து, வேலை நன்றாக அமைந்தது என்று மகிழ்ந்திருக்கிறேன். எனக்குக் கீழே வேலை கற்ற மூன்று பேருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். லேத்துக்கு வந்து, போன மரைகளை வரிசையாகப் பார்க்கத் தொடங்கி இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆன பிறகுதான், வழுவழுப்பு நல்ல அறிகுறி இல்லை என்று எனக்கு உறைத்தது. அந்த மூவரில் ஒருவர் இன்றும் பட்டறை நடத்துகிறார். அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மற்ற இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர்கள் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருகிறது.

வாயால் சொன்னதை நம்பாதவர்களுக்காகச் சென்ற மாதம் ஒரு சோதனை செய்து காட்டினேன். கழித்துப்போட்ட ஹெட் ஒன்றை வைஸில் பிடித்து, குறித்த முறுக்குவிசை வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச்சை 12 நியூட்டன் மீட்டரில் வைத்து, புதிய பிளக் ஒன்றை உலர்ந்த மரையில் இறுக்கினேன். கையால் திருகி வாஷர் உட்கார்ந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, ரெஞ்ச் 'டிக்' என்ற இடத்தில் இன்னொரு கோடு. பிறகு அதே வகைப் புதிய பிளக்கில் பசை தடவி, அதே எண்ணில் இறுக்கினேன். ரெஞ்ச் அதே 'டிக்' சத்தம் கொடுத்தது. ஆனால் இரண்டாவது பிளக், முதல் பிளக் 'டிக்' என்று நின்ற கோட்டைக் கடந்து கண்ணுக்குத் தெரியும் அளவு கூடுதலாகத் திரும்பியிருந்தது. நாலைந்து மெக்கானிக்குகள் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சாக்பீஸ் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் போனார். மறுநாள் வந்து டார்க் ரெஞ்ச் எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவைதான். பிளக் மாட்டும் பாடத்தில் 'மரையில் சிறிது கிரீஸ் அல்லது ஆயில் இடவும்' என்று யாருடைய குறிப்பேட்டிலாவது வரி இருந்தால், அதை அடித்துவிட்டு 'மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். வண்டியின் கையேடு வேறு சொன்னால் மட்டும் அதன்படி' என்று எழுதச் சொல்லுங்கள். செய்முறை வகுப்பில் பிளக்கின் மேல்நுனியில் பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றைச் செருகி, அதைப் பிடித்தே முதல் மரைகளை ஏற்றப் பழக்குங்கள். பிளக் கோணலாகப் போனால் டியூப் பிளக்கின் மேல் வழுக்கிச் சுழலும், மரையைக் கடிக்க முடியாது; ஸ்பேனர் அப்படி எச்சரிக்காது. வாஷர் உட்காரும் வரை ஸ்பேனரைத் தொடவே கூடாது. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறைக்குப் போகும் மாணவருக்கும் வழி இருக்கிறது: புதிய வாஷர் உள்ள பிளக் என்றால் கையிறுக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ அரைச் சுற்று, ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு திரும்ப மாட்டும் பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று. 10 மில்லிமீட்டர் பிளக்கின் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்கும். ஆகவே அந்த அரைச் சுற்றில் பிளக் இறங்குவது வெறும் அரை மில்லிமீட்டர். வாஷர் நசுங்கும் அந்த மெத்தென்ற உணர்வை ஒவ்வொரு மாணவரும் தன் கையாலேயே ஒரு முறையாவது அறிந்து செல்ல வேண்டும்.

இறுகிப்போன பிளக்கைக் கழற்றும் பாடமும் இதோடு சேர வேண்டும். பலத்தால் வெல்லலாம் என்று நினைப்பதால்தான் தலை ஒடிகிறது. துருநீக்கும் எண்ணெயைக் குழியில் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் கால் சுற்று கழற்றிக் கால் சுற்று திரும்ப இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டுச் செய்தால், ஹெட் தப்பித்துவிடும். மரை போனபின், புது மரையாக நிற்கும் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போட்டு நான் சரிசெய்து தருகிறேன் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டும், புது கேஸ்கெட் வாங்க வேண்டும், வண்டி இரண்டு நாள் நிற்க வேண்டும். பூ விற்கப் போகிறவருக்கும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற அக்காவுக்கும் அந்த இரண்டு நாள் கூலிதான் என் கூலியைவிடப் பெரிது.

என்னிடம் பழுதான ஹெட்டுகள் ஆறு இருக்கின்றன. பிளக் துளையின் நடுவே நீளவாக்கில் அவற்றை அறுத்து, முனைகளைத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் நல்ல மரை முழுதாகத் தெரியும். ஒன்றில் குட்டை பிளக்கின் கீழ் உறைந்த கரி. ஒன்றில் பசை தடவி இழுபட்ட பிளக் அப்படியே துளையில் நிற்கிறது, அதன் உறை நடுவில் ஒடுங்கியிருப்பதைப் பார்க்கலாம். மற்றவற்றில் ஹெலிகாயில் போட்டதும் கோணல் ஏறியதும். மாணவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காகவே இவற்றைச் செய்தேன். எந்த நிலையம் கேட்டாலும் கொடுப்பேன், பணம் வேண்டாம். வாரத்தில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை ஒன்பது மணி முதல் பட்டறை திறந்திருக்கும். ஹெட் கனமானது, மாணவர்களில் இரண்டு பேரை அனுப்பி வையுங்கள். அவர்கள் வரும்போது உங்கள் நிலையத்தின் டார்க் ரெஞ்ச்சையும் கொண்டுவந்தால், அது காட்டும் எண் சரிதானா என்று எடைக்கல் தொங்கவிட்டுப் பார்த்துக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்